ஃபைல் மேனேஜரில் ஓடுகிற வீடியோ என் ஆப்பில் ஏன் ஓடவில்லை?

18 மே 2024, காலை 9.12 (கேள்வி)

ஆண்ட்ராய்டு ஆப் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஃபோனிலேயே இருக்கும் எம்பி4 ஒன்றை என் ஆப்புக்குள் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃபைல் மேனேஜரில் தட்டினால் அழகாக ஓடுகிறது. அதே ஃபைலின் பாதையை (எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசம்) வீடியோவியூவில் (ஆப்புக்குள் வீடியோ காட்ட ஆண்ட்ராய்டே தரும் கட்டம்) கொடுத்தால் ‘இந்த வீடியோவை இயக்க முடியாது’ என்று ஒரு பெட்டி வருகிறது. லாகில் (ஆப் தன் நடப்பை எழுதும் பதிவேடு) பிழை எண் 1, அப்புறம் -2147483648. இதே புரோகிராம் கோடு என் பழைய ஃபோனில் (ஆண்ட்ராய்டு 8) ஓடியது. புது ஃபோன் ஆண்ட்ராய்டு 13. காப்பி செய்யும்போது ஃபைல் கெட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். எதை வைத்து ரிப்பேர் செய்வது?

18 மே, காலை 11.40 (பதில்)

ஃபைல் கெடவில்லை. கெட்டிருந்தால் ஃபைல் மேனேஜரிலும் ஓடாது.

அந்த நீளமான எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 32 பிட்டில் எழுத முடிகிற ஆகச் சிறிய முழு எண் அது. ‘கீழே ஏதோ ஆகிவிட்டது, என்னவென்று சொல்ல மாட்டேன்’ என்பதுதான் அர்த்தம். கரண்ட் ஏன் போச்சு என்று கேட்டால் ‘லைன்ல ஃபால்ட்’ என்பார்களே, அந்த ரகம்.

கோளாறு அனுமதியில் இருக்கிறது. நெட்டில் கிடைக்கும் பழைய கோடு எல்லாம் ‘ரீட் எக்ஸ்டெர்னல் ஸ்டோரேஜ்’ என்ற ஒரே அனுமதியைக் கேட்கும். ஆண்ட்ராய்டு 13-ஐக் குறிவைத்து (டார்கெட் 33, அது ஆண்ட்ராய்டு 13-இன் உள் எண்) பில்ட் செய்த ஆப்பில் அந்த அனுமதிக்கு மதிப்பே இல்லை. கேட்டாலும் பெட்டி வராது, சத்தமில்லாமல் ‘இல்லை’ என்று திரும்பி வரும். வீடியோவுக்கு ‘ரீட் மீடியா வீடியோ’ என்று தனி அனுமதி வந்துவிட்டது. அதை மேனிஃபெஸ்டில் (ஆப்பின் விவரச் சீட்டு) எழுதி, ஓடும்போதும் கேளுங்கள்.

பொதுவாகவே ஆண்ட்ராய்டு 11-லிருந்து, வெளியே இருக்கும் ஃபைலைப் பாதை கொடுத்துத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. மூன்று வரி வேலை, முடிந்தது.

18 மே, இரவு 10.05

காலையில் எழுதியதை மறுபடி படித்தேன். மருந்து எழுதிவிட்டேன், ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். வீடியோ உங்கள் ஆப்புக்கு உள்ளேயேதான் ஓட வேண்டுமா?

வேண்டாம் என்றால் வேலை பாதிகூட இல்லை. ‘ஆக்‌ஷன் வியூ’ இன்டென்டில் (‘இதை யாராவது திறந்து காட்டுங்கள்’ என்று மற்ற ஆப்புகளுக்கு அனுப்பும் செய்தி) ஃபைலின் முகவரியையும் வீடியோ என்ற வகையையும் வைத்து அனுப்பினால் ஃபோனில் இருக்கும் பிளேயர் எதுவோ அது பிடித்துக்கொள்ளும். விஎல்சி இருந்தால் அது. ஒரே ஒரு முள்: ஆண்ட்ராய்டு 7-லிருந்து (2016), ‘ஃபைல்’ என்று தொடங்கும் முகவரியை இன்னொரு ஆப்பிடம் நீட்டினால் உங்கள் ஆப் அந்த இடத்திலேயே விழும். ஃபைல்புரொவைடர் (ஃபைலை மற்ற ஆப்புக்குப் பகிர உதவும் வகுப்பு) வழியாக ‘கன்டென்ட்’ என்று தொடங்கும் முகவரியாக மாற்றி, கூடவே படிக்கும் அனுமதிக் கொடியையும் ஏற்றி அனுப்ப வேண்டும். கொடியை மறந்தால் அடுத்த பிளேயர் திறக்கும், கறுப்பாக நிற்கும்.

நான் முதலில் அப்படித்தான் செய்தேன். என் மதினி தென்காசிப் பக்கம் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு டியூஷன் எடுக்கிறார். வீட்டில் சிக்னல் ஒரு கோடு, அதுவும் மாடிப்படியில் நின்றால்தான். பழைய டேப் 11 சேர்த்து, தான் நடத்துவதை வீடியோ எடுத்து அதில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். பாடப் பட்டியல் காட்டி, தட்டினால் வெளிப் பிளேயரைத் திறக்கிற ஆப் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து கொடுத்தேன். பாடம் முடிந்ததும் அந்தப் பிளேயர் தானாக அடுத்த வீடியோவுக்குப் போனது. டேப்பை விற்றவர் விட்டுவைத்த குத்துப்பாட்டு அது. ஒரே நேரத்தில் நாலு டேப்பில்.

அதனால்தான் உள்ளேயே ஓட்டும் வேலைக்கு வந்தேன். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றால் வராதீர்கள்.

21 மே

முதல் பதிலில் தப்பாக ஒன்று சொல்லிவிட்டேன். ‘ஆண்ட்ராய்டு 11-லிருந்து பாதைக்கே இடமில்லை’ என்பது சரியல்ல. கிட்டத்தட்டத் தலைகீழ்.

இன்று 11 டேப்பையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாதை கொடுத்து ஓட்டும் என் பழைய பில்டு, 9-இல் ஓடுகிறது, 11-இல் ஓடுகிறது, 12-இல் ஓடுகிறது. மூன்று டேப்பில் மட்டும் கறுப்பு. மூன்றும் ஆண்ட்ராய்டு 10.

நடந்தது இதுதான். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது ‘ஸ்கோப்டு ஸ்டோரேஜ்’ என்ற கட்டுப்பாடும் வந்தது. ஒவ்வொரு ஆப்புக்கும் அதனதன் வீடு, பொது இடத்தில் பாதையை வைத்துத் துழாவக் கூடாது. ‘பழைய முறையிலேயே இருந்துகொள்கிறேன்’ என்று மேனிஃபெஸ்டில் ஒரு வரி எழுதினால் விலக்கு. 2020-இல் 11 வந்தபோது, அதைக் குறிவைக்கும் ஆப்புக்கு அந்த விலக்கு போனது. ஆனால் படம், பாட்டு, வீடியோ போன்ற மீடியா ஃபைலை மட்டும், அனுமதி இருந்தால் பாதை கொடுத்தே படிக்கலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆக நடுவில் மாட்டிய 10-தான் முரண்டு. ‘ரிக்வெஸ்ட் லெகசி எக்ஸ்டெர்னல் ஸ்டோரேஜ்’ வரியைச் சேர்த்தேன், மூன்று டேப்பும் ஓடின. 11-க்கு மேல் அந்த வரியை யாரும் கண்டுகொள்வதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓடுகிறது என்பதற்காகப் பாதையை நம்பலாம் என்று சொல்லவில்லை. பாதை இல்லாமல் எப்படி என்று வார இறுதியில் எழுதுகிறேன்.

22 மே

‘எல்லா ஃபைலையும் நிர்வகிக்கும் அனுமதி வாங்கிவிட்டால் தலைவலி தீர்ந்ததே’ என்று இரண்டு பேர் சொல்லிவிட்டீர்கள். தீரும். பிளே ஸ்டோரில் போடுவதாக இருந்தால் ஃபைல் மேனேஜர், பேக்கப் மாதிரி அதுவே பிழைப்பான ஆப்புகளுக்குத்தான் அது. ஒரு வீடியோ ஓட்டுவதற்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கேட்டால் யார் கொடுப்பார்கள்? என் டேப்புகள் ஸ்டோர் பக்கமே போகாதவை, நான் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் கேட்டும் பார்த்தேன். ஆசை விட்டுப்போனதற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை. அந்த அனுமதிக்குச் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு சுவிட்சைத் தள்ள வேண்டும், ஆண்ட்ராய்டு 11-ம் அதற்கு மேலும் உள்ள டேப் ஒவ்வொன்றிலும். ஒன்று ஃபேக்டரி ரீசெட் ஆனால் மறுபடியும்.

25 மே

சரி, பெரிய குறிப்பு. டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பாதையை விட்டுவிட்டால் இரண்டு வழி. ஒன்று, வீடியோவை ஆப்பின் சொந்த ஃபோல்டருக்குள் காப்பி செய்துகொள்வது. ஆண்ட்ராய்டு 4.4-லிருந்து அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை, அது உங்கள் வீடு. ஃபைல் உங்களுடையது, பாதை உங்களுடையது, ராத்திரி யாரும் பிடுங்க மாட்டார்கள். நான் இந்தக் கட்சிதான். ஆனால் இதில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன்.

ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் வீடு இடிந்துவிடும், உள்ளே இருக்கும் வீடியோவோடு. எனக்கு இது தெரியும். தெரிந்தே செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். லேப்டாப் மாற்றியபோது சைனிங் கீயை (ஆப் நம்முடையது என்று கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி) பழைய லேப்டாப்பிலேயே விட்டுவிட்டேன். புதுக் கீயில் பில்ட் செய்த ஆப்பைப் பழையதன்மேல் போட முடியாது, கையெழுத்து பொருந்தவில்லை என்று மறுக்கும். ‘சரி, எடுத்துவிட்டுப் போடுவோம்’ என்று முதல் டேப்பில் எடுத்தேன். 6 ஜிபி பாடம் போய்ச் சேர்ந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டாவது, மூன்றாவது என்று ஐந்து வரை போய்விட்டேன். ஐந்தாவதில்தான் மதினி பின்னால் நின்று, ‘தம்பி, முன்ன இருந்த பாடத்தையெல்லாம் எங்க காணோம்?’ என்றார்.

இன்னொன்று, 11-லிருந்து அந்த வீட்டுக்குள் ஃபைல் மேனேஜர் ஆப்பும் போக முடியாது. ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’, அதற்குள் உங்கள் ஆப்பின் பெயர், அதுதான் இடம். டேப்பிலேயே ஃபைலை வெட்டி ஒட்டிப் பழகியவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். ஃபைலை உள்ளே கொண்டுவரும் பட்டன் ஒன்றை ஆப்பிலேயே வைத்தாக வேண்டும்.

அந்தப் பட்டன்தான் இரண்டாவது வழி. சிஸ்டத்தின் பிக்கரைத் திறந்து, பயனரே ஃபைலையோ ஃபோல்டரையோ காட்டட்டும் என்று விடுவது. ஒரு ஃபைல் என்றால் ‘ஓப்பன் டாக்குமென்ட்’, முழு ஃபோல்டர் என்றால் ‘ஓப்பன் டாக்குமென்ட் ட்ரீ’. எந்த அனுமதிப் பெட்டியும் இல்லை. காட்டியதே அனுமதி. பதிலுக்கு ஒரு ‘கன்டென்ட்’ முகவரி கிடைக்கும், அதை அப்படியே பிளேயரிடம் கொடுக்கலாம்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு, நானும் விழுந்தேன். கிடைத்த முகவரியைச் சரமாக (வெறும் எழுத்துத் தொடராக) மாற்றிச் சேமித்து வைத்தேன். மாலை முழுக்க ஓடியது. பிள்ளைகள் டேப்பை ஆஃப் செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மதினி ஃபோன்: ‘நேத்து ஓடுன பாடம் இன்னிக்கி ஓட மாட்டேங்கு. ஒங்க ஆப்பு ராத்திரி தூங்கப் போயிருச்சா?’ (அவர் வேண்டுமென்றேதான் ‘ஆப்பு’ என்கிறார்.)

லாகில் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன், அதாவது அனுமதி இல்லை என்ற பிழை. பிக்கர் கொடுக்கும் அனுமதி நாள் கூலி மாதிரி, டேப்பை அணைத்துப் போட்டால் தீர்ந்துவிடும். ‘நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன்’ என்று ‘டேக் பெர்சிஸ்டபிள் யூஆர்ஐ பெர்மிஷன்’ என்ற அழைப்பைக் கிடைத்த உடனே செய்துவிட வேண்டும். ஒரு வரி. நான் கையில் வைத்திருந்தது முகவரிச் சீட்டு மட்டும், உள்ளே போக உரிமை இல்லை. அப்படி வைத்துக்கொள்ளும் அனுமதிக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு: முன்பு 128, ஆண்ட்ராய்டு 11-லிருந்து 512. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியாக வாங்காமல் ஃபோல்டருக்கு ஒன்று வாங்குங்கள்.

ஃபோல்டரைக் காட்டும்போது இன்டெர்னல் ஸ்டோரேஜின் தலைமட்டத்தையோ டவுன்லோடு ஃபோல்டரையோ காட்ட விடாது, இதுவும் 11-லிருந்துதான். ‘பாடம்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டச் சொன்னேன்.

25 மே, ராத்திரி

மேலே விட்டுப்போனது. டாக்குமென்ட்ஃபைல் என்ற வசதி வகுப்பை வைத்து ஃபோல்டரைப் பட்டியலிட்டால் ஆமை. ஒவ்வொரு ஃபைலின் பெயரைக் கேட்கும்போதும் தனித்தனியாகப் போய்க் கேட்டு வருகிறது. என்னிடம் 140 ஃபைல், பட்டியல் வருவதற்குள் பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நேரடியாக ஒரே குவெரியில் பெயர், அளவு, வகை மூன்றையும் வாங்கினேன், தட்டியதும் வருகிறது.

27 மே

‘வீடியோவியூவா, எக்ஸோபிளேயரா?’ என்று கேட்டவருக்கு: ஒரே ஒரு வீடியோ, ஓட்டு, நிறுத்து என்றால் வீடியோவியூ போதும். அதற்கு மேல் எது வேண்டுமானாலும் எக்ஸோபிளேயர். வீடியோ ஓட்டுவதற்கென்று கூகுள் எழுதிய நூலகம் அது, 2014-இல் ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்டது. இப்போது அது மீடியா3 என்ற குடும்பத்துக்குள் இருக்கிறது, 1.0 வந்தது 2023 மார்ச்சில். நீங்கள் பார்க்கும் உதாரணக் கோடில் ‘எக்ஸோபிளேயர்2’ என்று இம்போர்ட் இருந்தால் அது பழைய விலாசம், ஆள் வீடு மாறிவிட்டார்.

நான் மாறியதற்குக் காரணம் பிழைச் செய்தி. பழையது ‘லைன்ல ஃபால்ட்’ என்றது. இது ஃபைல் கிடைக்கவில்லையா, அனுமதி இல்லையா, டிகோடர் (சுருக்கிவைத்த படத்தையும் சத்தத்தையும் விரிப்பது) இல்லையா என்று பிரித்துச் சொல்கிறது.

வேகமும் ஒரு காரணம். 1.5 மடங்கு ஓட்டலாம், குரல் கீச்சென்று ஆகாது. பிள்ளைகள் 2-இல் வைத்துப் பார்க்கிறார்கள். மதினி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது நானா, ஏலம் போடுறவரா?’ என்றார்.

1 ஜூன்

படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. என் ஃபோனில் வருகிறது, 11 டேப்பில் ஏழில் வரவில்லை.

ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி4 என்றோ எம்கேவி என்றோ இருப்பது டிபன் கேரியரின் பெயர்தான். ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் சத்தம், சில சமயம் மேலே சப்டைட்டில். கேரியரைத் திறக்கத் தெரிந்தாலும் உள்ளே இருப்பதைச் சாப்பிடத் தெரிய வேண்டும். மதினியிடம் ஒரு பழைய வடிவியல் டிவிடி இருந்தது. அதை எஃப்எஃப்எம்பெக்கில் (வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) மாற்றியபோது படத்தை மட்டும் எச்.264 என்ற வகை ஆக்கி, ‘சத்தம் ஏன் மாற்ற, அப்படியே காப்பி ஆகட்டும்’ என்று விட்டேன். டிவிடியில் சத்தம் பெரும்பாலும் ஏசி3 என்ற வகை. அந்த டிகோடர் எல்லா ஆண்ட்ராய்டிலும் இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. தயாரிப்பவர் போட்டால் உண்டு. என் ஃபோனில் இருந்தது, அந்த ஏழில் இல்லை. விஎல்சி தன் டிகோடரைத் தானே சுமந்துகொண்டு வருவதால் அதில் எங்கேயும் சத்தம் வரும், அதுதான் என்னைக் குழப்பியது.

சத்தத்தை ஏஏசி என்ற வகைக்கு மாற்றினேன், தீர்ந்தது. ஆப்புக்குள் எஃப்எஃப்எம்பெக் நீட்டிப்பைச் சேர்த்தும் தீர்க்கலாம், அதை நாமே பில்ட் செய்ய வேண்டும். ஒரு டிவிடிக்காக அந்தச் சமையலில் இறங்கவில்லை.

படம் கறுப்பு, சத்தம் மட்டும் வருகிறது என்றால் இதே கதையின் மறுபக்கம். பெரும்பாலும் நிறத்தை 10 பிட்டில் பதிந்து எடுத்த வீடியோ. பழைய டேப்பின் டிகோடர் 8 பிட்டோடு நின்றுவிடும்.

2 ஜூன்

இல்லை, சத்தப் பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. ஏழாவது டேப்பில் ஸ்பீக்கரே அவுட். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம்.

6 ஜூன்

இந்த இழையில் நான் எழுத நினைத்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். மற்றவை எல்லாம் எங்காவது கிடைக்கும், இது தமிழில் பெயர் வைப்பவருக்கு வரும் வியாதி.

பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு இயல். ஒவ்வொரு இயலுக்கும் ஒரு ஃபோல்டர், இயலின் பெயரே ஃபோல்டர் பெயர். ஆப்புக்குள் என்னிடம் எட்டுப் பெயரின் பட்டியல் இருக்கிறது. ‘பாடம்’ ஃபோல்டரைத் துழாவி, பெயர் பொருந்தினால் பட்டியலில் காட்டும். புதிதாக எடிட் செய்த பாடங்களைப் போட்டேன். ஐந்து இயல் வந்தது. மூன்று வரவில்லை: 2, 5, 6.

ஃபோல்டர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் உள்ளே வீடியோ இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. முன்னால் பின்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பெயரை மாற்றி அதே பெயரை டேப்பிலேயே தட்டச்சு செய்தால் வருகிறது! இது பேய்.

மூன்று பெயரையும் பேப்பரில் எழுதி வைத்து உட்கார்ந்தேன். எண்களும் தொடர்வரிசைகளும். ஆயத்தொலை வடிவியல். முக்கோணவியல். வந்த ஐந்து: உறவுகளும் சார்புகளும், இயற்கணிதம், வடிவியல், அளவியல், புள்ளியியலும் நிகழ்தகவும். பேப்பரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். வராத மூன்றிலும் ‘தொ’ இருக்கிறது, அல்லது ‘கோ’ இருக்கிறது. வந்த ஐந்தில் ஒன்றில்கூட ஒகரமோ ஓகாரமோ இல்லை.

‘முக்கோணவியல்’ என்ற சரத்தின் நீளத்தை இரண்டு பக்கமும் அச்சிட்டேன். ஆப்பில் 12. ஃபோல்டரில் 13.

யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே துண்டாக, அல்லது கொம்பு போன்ற ஏகாரக் குறி (ே) தனி, கால் (ா) தனி. திரையில் ஒன்றுதான், நீங்களும் நானும் பூதக்கண்ணாடி வைத்தாலும் பிரிக்க முடியாது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சரம். எடிட் செய்துகொடுத்த நண்பர் வைத்திருப்பது பழைய மேக். அதன் டிஸ்க் எச்எஃப்எஸ் பிளஸ் வகை, அது ஃபைல் பெயரை எப்போதுமே பிரித்து வைத்துத்தான் சேமிக்கும். அங்கே ஜிப் செய்து அனுப்பினார், பிரித்த பெயரோடு டேப்புக்கு வந்து இறங்கியது. அவர் மேல் தப்பில்லை, மேக் மேலும் இல்லை. இரண்டு வடிவமும் செல்லும் என்று யூனிகோடே சொல்கிறது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராதது நான்.

தீர்வு: நார்மலைசர் என்ற வகுப்பு ஜாவாவிலேயே இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (ஒரே துண்டாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்கள் ஆயுசுக்கும் இதைச் சந்திக்காமல் போகலாம்.

‘ஐ’காரம் இப்படிப் பிரியுமா என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், பிரியாது. குறிகளில் பிரிவது ஒ, ஓ, ஔ மூன்றும்தான். அளவியலில் ‘கொள்ளளவு’ என்று ஒரு வீடியோ இருந்தது. ஃபோல்டர் பெயர் பொருந்தியதால் அது தப்பித்துக்கொண்டது.

7 ஜூன்

பெயர் என்றதும் நினைவு வந்தது. ‘கணக்கு #3’ என்று ஃபைலுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். பாதையை ‘யூஆர்ஐ பார்ஸ்’ வழியாகக் கொடுத்தால், # வந்த இடத்தோடு பாதை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ‘கணக்கு ’ என்ற ஃபைலைத் தேடும். அப்படி ஒன்று இல்லை. ‘கூட்டு வட்டி 5%’ என்ற பெயருக்கும் வேறு மாதிரி இதே கதி. பாதையிலிருந்து முகவரி செய்ய ‘ஃப்ரம்ஃபைல்’தான் சரி, அது இந்தக் குறிகளை மாற்றி எழுதிக்கொள்ளும். கேள்வி கேட்டவரே, உங்கள் ஃபைல் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை.

9 ஜூன்

ஐஃபோனுக்குச் செய்பவர் ஒருவர் தனியாகக் கேட்டார். இரண்டு விஷயம். ஆப்பிளின் சொந்தப் பிளேயரான ஏவிபிளேயர் எம்கேவி-யைத் தொடாது, எம்பி4 ஆக்கிக் கொடுங்கள். அப்புறம், முழுப் பாதையைச் சேமிக்காதீர்கள். ஆப்பின் ஃபோல்டர் பாதை நடுவில் ஒரு நீளமான அடையாளக் குறி இருக்கும், ஆப்பை அப்டேட் செய்தால் அது மாறலாம். ஃபைல் பத்திரமாக அங்கேயே இருக்கும், நீங்கள் எழுதி வைத்த விலாசத்தில் மட்டும் இருக்காது. ஃபைல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ‘டாக்குமென்ட்ஸ் எங்கே?’ என்று சிஸ்டத்திடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் நான் பட்டதும் இதே பாடம்தான், உடுப்பு வேறு.

12 ஜூன்

‘மூவ் ஆட்டம் கடைசியில் இருக்கிறது, ஃபாஸ்ட்ஸ்டார்ட் போடுங்கள்’ என்று ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். மூவ் என்பது எம்பி4-க்குள் இருக்கும் அட்டவணை, ஃபாஸ்ட்ஸ்டார்ட் அதை ஃபைலின் முன்னால் கொண்டுவந்து வைப்பது. நெட் வழியாக ஓட்டுவதற்கு அது அருமையான ஆலோசனை. ஃபைல் கையிலேயே இருக்கும்போது தேவையில்லை, பிளேயர் ஒரே தாவலில் கடைசிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துவிடும்.

மூவ் இல்லவே இல்லை என்றால்தான் சிக்கல். எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற முழு அட்டவணையும் அதில்தான். பொதுவாக ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் கேமரா அதை எழுதும். போன மாதம் மதினி நிகழ்தகவு நடத்திக்கொண்டிருக்கும்போது ஃபோன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. 1.2 ஜிபி ஃபைல் இருக்கிறது, எதிலும் ஓடவில்லை, விஎல்சியிலும். ‘அன்ட்ரங்க்’ என்று ஒரு கருவி உண்டு. அதே ஃபோனில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைப் பக்கத்தில் வைத்தால், அதைப் பார்த்து அட்டவணையை மீட்டு எழுதும். பகடை உருட்டுகிற இடம் வரை வந்தது. கடைசி இரண்டு நிமிடம் கட்டம் கட்டமாக. மதினி அதற்கே சந்தோஷப்பட்டார்.

கேள்வி கேட்டவருக்கு மறுபடி ஒரு சலாம். ‘ஃபைல் கெட்டுவிட்டது’ என்று நீங்கள் சொன்னது உங்கள் விஷயத்தில்தான் தப்பு. எனக்கு நிஜமாகவே கெட்டது.

15 ஜூன்

சப்டைட்டில். வகுப்பில் ஒரு பையனுக்குக் காது சரியாகக் கேட்காது. மதினி சொல்வதைக் கீழே எழுத்தில் காட்ட வேண்டும். வீடியோ பக்கத்திலேயே அதே பெயரில் எஸ்ஆர்டி ஃபைல் வைத்தோம், எக்ஸோபிளேயரில் சேர்ப்பது சுலபம். ஆனால் பிக்கரில் ஒற்றை வீடியோவைக் காட்டினால் அந்த ஒன்றுக்குத்தான் அனுமதி. பக்கத்தில் இருக்கும் எஸ்ஆர்டி கண்ணுக்கே தெரியாது. ஃபோல்டருக்கு அனுமதி வாங்கியிருந்ததால் பிழைத்தேன், அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, தற்செயல்.

தட்டச்சு செய்துகொடுத்தவர் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். டேப்பில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தது. யூனிகோடுக்கு மாற்றி யூடிஎஃப்-8-இல் சேமித்தேன். அந்தப் பையன் இப்போது மற்றவர்களைவிட வேகமாகப் பார்த்து முடிக்கிறான், 2 மடங்கில் படிப்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதை எழுதும்போது திரை அணைந்த கதை ஞாபகம் வந்தது. வீடியோ நடுவில் 30 விநாடியில் திரை இருண்டால், பிளேயர் வியூவில் ‘கீப் ஸ்கிரீன் ஆன்’ என்று வைக்கவில்லை என்று பொருள். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

19 ஜூன்

கேள்வி கேட்டவர் வந்து சொல்லிவிட்டார், அனுமதிப் பெயரை மாற்றியதும் ஓடியதாம். ஒரு மாதமாக நாம் பேசிய எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஃபைல் பெயர் ‘டெஸ்ட்’.

அவருக்கு மட்டும் ஒரு பின்குறிப்பு: ஆண்ட்ராய்டு 14-இல் பயனர் ‘எல்லாம் வேண்டாம், இந்த மூன்று வீடியோவுக்கு மட்டும்’ என்று பாதி அனுமதி கொடுக்கலாம். உங்கள் பட்டியலில் பாதி காணாமல் போனால் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

22 ஜூன்

ஏழாவது டேப்பில் ‘அளவியல்’ கடைசி வீடியோ காப்பியே ஆகவில்லை. மற்ற பத்திலும் ஆனது. இடம் 11 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனாலும் முடியாது என்கிறது. (ஆமாம், அதே ஸ்பீக்கர் போன டேப். இப்போது இயர்ஃபோனில் ஓடுகிறது.)

மற்ற டேப்பில் 64 ஜிபி கார்டு, அவை எக்ஸ்ஃபேட் (கார்டில் ஃபைலை அடுக்கும் முறை ஒன்று). இதில் மட்டும் பழைய 32 ஜிபி கார்டு, ஃபேட்32. அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அந்த வீடியோவை எடிட் செய்து வெளியே எடுக்கும்போது பிட்ரேட்டை (விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்பது) குறைக்க மறந்துவிட்டேன், 4.4 ஜிபி. மறுபடி என்கோட் செய்ய நேரம் இல்லை, ஐந்து மணிக்கு வகுப்பு. எஃப்எஃப்எம்பெக்கில் காப்பி முறையில் நடுவில் இரண்டாக வெட்டினேன், சில விநாடி வேலை. எந்த இடத்தில் வெட்டுகிறேன் என்று பார்க்கவில்லை.

மதினி கூம்பின் கனஅளவை விளக்கிக்கொண்டே கரும்பலகையில் அதை வரைகிற இடம். முதல் ஃபைல் பாதிக் கூம்போடு முடிகிறது. பிள்ளைகள் அதற்கு, தலை வெட்டிய கூம்புக்குப் பாடத்தில் இருக்கும் பெயரையே வைத்துவிட்டார்கள்: ‘இடைக்கண்டம்’.